போன காசு இன்னாச்சு?

எங்கள் குடியிருப்பு புளியந்தோப்பில். 4 மாடி, 32 வீடு, ஒரு சம்ப், ஒரு மோட்டார். போன மாதம் அந்த மோட்டாரின் காயில் எரிந்துபோனது. காயில் கட்ட, பேரிங் மாற்ற, வீட்டுக்கு 250 ரூபாய் என்று செயலாளர் ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கட்டுக்குக் கீழே கூட்டம் போட்டார். மூன்று நாளாக மேலே தண்ணீர் ஏறவில்லை. குடம் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று நானும் பர்ஸோடுதான் இறங்கினேன்.

மூன்றாவது மாடி ஆயா மட்டும் கொடுக்கவில்லை. மார்க்கெட்டில் கீரை விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். முந்தானையில் முடிந்த காசை அவிழ்க்காமல் கேட்டார்: "இன்னா நைனா, போன வாட்டி பெயின்ட் அடிக்கக் குடுத்தமே, அந்தக் காசு இன்னாச்சு? அத மொதல்ல சொல்லு, அப்பாலிக்கா இதக் கேளு."

"ஆயா, இப்ப தண்ணி அவசரம். அத அப்புறம் பேசலாம்."

"அவசரம்னாதான நீ எங்ககிட்ட வர. அவசரம் தீந்துட்டா எங்கிருந்து பேசுவ?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் 31 வருடம் கணக்கு எழுதியவள் நான். ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து நாடாளுமன்றங்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் எனக்குப் புரிந்ததை ஆயா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ் 1629இலிருந்து 11 வருடம் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. கப்பல் வரி என்று ஒன்று இருந்தது. கடலோர ஊர்கள் போர்க்காலத்தில் கொடுப்பது. அதை 1635இல் கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்களுக்கும் விரித்து, யாரையும் கேட்காமல் வசூலித்தான். ஜான் ஹாம்டன் என்பவர் 20 ஷில்லிங் கட்ட மறுத்து வழக்காடித் தோற்றார். தோற்றாலும் ஊரெல்லாம் அதே பேச்சு. பிறகு ஸ்காட்லாந்தோடு சண்டை வந்தது. கஜானா காலி. 1640 ஏப்ரலில் வேறு வழியில்லாமல் நாடாளுமன்றத்தைக் கூட்டினான். உறுப்பினர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் எங்கள் குறைகளைத் தீர், அப்புறம் பணம் கேள் என்றார்கள். மூன்றே வாரத்தில் கலைத்துவிட்டான். ஆனால் பணமில்லாமல் எத்தனை நாள்? நவம்பரில் மறுபடியும் கூட்ட வேண்டியதாயிற்று.

அந்த மன்றத்துக்குள் 1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னனே ஆட்களோடு நுழைந்தான். அவர்கள் எங்கே என்று சபாநாயகர் லெந்தாலைக் கேட்டான். இந்த அவை சொல்வதைத் தவிர பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்று அவர் மண்டியிட்டபடி சொன்னார். மண்டியிட்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கிறது, பராந்தகச் சோழன் காலத்தது, 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை முறையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வாரியம் என்கிற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமில்லை, சித்தி மகன், அத்தை மகன், மாமனார், மருமகன் என்று வரிசையாகச் சொல்லி அத்தனை பேருக்கும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆனால் அது நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை. எங்கள் ஆயாவுக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. பெருமை பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மன்றம் இருந்தும் பணத்தின் மேல் பிடி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பேட்டையே சாட்சி. அப்பா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பகுதித் தொழிலாளி. 1918இல் பி.பி. வாடியா என்பவர் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் தொடங்கிய கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். இந்தப் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. அப்போது சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபையும் இருந்தது, நீதிக்கட்சி மந்திரிகளும் இருந்தார்கள். ஆனால் 1919 இந்திய அரசுச் சட்டத்தின் இரட்டை ஆட்சியில் போலீஸ் கவர்னரின் கையில். கல்வி, சுகாதாரம் மாதிரித் துறைகள்தான் மந்திரிகளுக்கு. கவர்னர் பக்கத்துத் துறைக்குச் சபை பணத்தை வெட்டினால், அவசியம் என்று கவர்னர் ஒரு சான்று எழுதிவிட்டு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆயா காசு கொடுக்க மாட்டேன் என்ற பிறகும் முந்தானையை அவிழ்த்து எடுத்துக்கொள்வது போலத்தான்.

தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று மில் நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கியது. அதைப் பார்த்துத்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சட்டமாக 1926 ஆனது. மன்றத்தால் பரிந்துரைக்கத்தான் முடிந்தது, அதனால்தான் ஐந்து வருடம். மில்லை 1996இல் மூடிவிட்டார்கள், அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கத்தின் சந்தா ரசீதுகள் இன்னும் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

இன்று நமக்கு இருக்கும் அதிகாரத்தோடு அதை வைத்துப் பாருங்கள். அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு: சட்டம் இல்லாமல் ஒரு வரியும் கிடையாது. 114ஆவது பிரிவு: மன்றம் ஒதுக்காமல், அரசின் வருமானம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. ஒரு துறையின் கொள்கையே தவறு என்று நினைக்கும் உறுப்பினர், அதன் மானியக் கோரிக்கையை, அதாவது அந்தத் துறை செலவுக்குக் கேட்கும் தொகையை, 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். சார்லஸின் தலையே உருண்டு கிடைத்த உரிமை, ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது.

அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? பேச நேரம் கிடைக்காத துறைகளின் கோரிக்கைகளைக் கடைசி நாளில் மொத்தமாக வாக்கெடுத்து முடிப்பதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018இலும் 2023இலும் மக்களவையில் அமளிக்கு நடுவே மத்திய பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் அத்தனையும் விவாதமில்லாமல் நிறைவேறின. கத்தியவர்கள், கத்த வைத்தவர்கள் இரண்டு பக்கத்தின் மேலும் எனக்குக் கோபம். 32 வீட்டுக் காசுக்கு ஒரு கிழவி கேட்ட கேள்வியை, இத்தனை லட்சம் கோடிக்கு அங்கே யாரும் கேட்டு முடிக்கவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். செயலாளர் நோட்டை எடுத்துவந்தார். வீட்டுக்கு 750 வீதம் 24,000 வசூல். பெயின்ட்டுக்கும் கூலிக்கும் 18,400. மீதி 5,600 பின்பக்கச் சாக்கடை அடைப்புக்குப் போயிருந்தது, ரசீதும் இருந்தது. ஒரு ரூபாய் திருட்டு இல்லை. ஆனால் பெயின்ட்டுக்கு என்று வாங்கியதைச் சாக்கடைக்கு எடுத்தபோது எங்களைக் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று சிலர் சொன்னார்கள். ஆயா அசையவில்லை. "நல்லதுதான் செஞ்ச. கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்ல?" என்றார். செயலாளர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் முந்தானை அவிழ்ந்தது. சாயங்காலமே மோட்டார் ஓடியது.

இப்போது கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு செலவுக்கும் எதற்கு வாங்கிய காசு என்று தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.

அப்புறம், எங்கள் வடசென்னை எம்.பி.க்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடந்த பட்ஜெட் கூட்டத்தொடரில் எந்தெந்தத் துறையின் மானியக் கோரிக்கையில் பேசினீர்கள், எதற்காவது வெட்டுத் தீர்மானம் கொடுத்தீர்களா என்று இரண்டே கேள்வி. ஆயாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதில் வந்ததும் அப்படியே இங்கே எழுதுகிறேன்.