ஏற்காட்டுக்கு எந்த ற மிஸ்?

சேலம் அம்மாப்பேட்டைல எங்க வீட்டு மாடில சாயங்காலம் ட்யூஷன் எடுக்கறேன், அஞ்சாவதுலேருந்து ஏழாவது வரைக்கும் ஒன்பது பசங்க. போன வருஷம் காலாண்டு பேப்பர் வந்தப்ப ஆறாவது படிக்கற ஒரு பொண்ணு சோசியல் பேப்பரை நாலா மடிச்சு பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா, வாங்கிப் பார்த்தா விடை எல்லாமே தெரிஞ்சுதான் எழுதியிருக்கா, ஆனா நகராச்சி, ஆங்கிளேயர், அனைக்கட்டுன்னு பக்கம் பூரா சிவப்பு வட்டம், பக்கத்துல சரியான எழுத்து எதுன்னு ஒரு இடத்துலயும் எழுதல. பாடமே படிக்கலன்னு வீட்ல திட்டு வேற. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதோட டிக்டேஷனுக்கு தனி லிஸ்ட் குடுக்கறத விட்டுட்டேன். இப்ப வார்த்தை எல்லாம் சோசியல் புக்லேருந்தும் நம்ம சுத்துவட்டார ஊர் பேர்லேருந்தும்தான் வரும். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை, அதுக்கு மேல குடுத்தா மனசுல நிக்காது.

முதல்ல அந்த நகராச்சியவே எடுத்தோம். ஆளுறது ஆட்சி, ஆச்சின்னா செட்டிநாட்டுப் பக்கம் பாட்டி, நகரத்தை ஆளுறதுன்னா எது வரும்னு கேட்டேன், அவளே "ட்" போட்டா. அந்த ஒரு எழுத்து புரிஞ்சதும் ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி, மாவட்ட ஆட்சியர் எல்லாமே தானா சரியாயிடுச்சு. சேலம் 1866ல நகராட்சி ஆச்சு, 1994ல மாநகராட்சி ஆச்சு, 1917ல ராஜாஜி இந்த நகராட்சிக்குத் தலைவரா வந்தாருன்னு சொல்லிக்கிட்டே எழுத வச்சேன், வருஷமும் மனசுல உக்காந்துடுச்சு எழுத்தும் உக்காந்துடுச்சு. அணைக்கு மேட்டூர் போதும், 1934ல கட்டி முடிச்சது, முழு நீர்மட்டம் 120 அடி, மூணு சுழி ண.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஏற்காடுதான். ஒன்பது பேர்ல ஏழு பேர் "ஏற்க்காடு"ன்னு எழுதினாங்க. பெரிய ற் வந்தா அதுக்கு அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து நிக்காது கண்ணு, முயற்சி, பயிற்சி, கற்கண்டு எல்லாம் பாரு, சின்ன ர்தான் பக்கத்துல இடம் குடுக்கும், பார்க்க, சேர்த்து, ஊர்க்காரங்கன்னு. அப்புறம் முழு வாக்கியமா சொன்னேன்: "சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டிற்குச் செல்ல இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன." இதுல ரெண்டு ரகரமும் இருக்கு, மூணு சுழியும் ரெண்டு சுழியும் இருக்கு, ளகரம் லகரம் எல்லாம் இருக்கு, மலைப்பாதையும் இருக்கு. பஸ்ல போறப்ப வளைவு போர்டு நம்பரை எண்ணிக்கிட்டே போன பசங்கதானே, யாருக்கும் அலுக்கல. 1820கள்ல இங்க கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் அந்த மலைல காப்பிச் செடி நட வச்சாருன்னு சொல்லி ஆங்கிலேயரை அப்பவே திருத்திட்டோம், அதுக்கு நம்ம சேலத்து ல.

பெரிய சண்டை நடந்தது பட்டணத்துக்கு. அயோத்தியாப்பட்டணம் பேரை ஒரு போர்டுல பட்டணம், ஒரு போர்டுல பட்டினம், இன்னொண்ணுல பட்டிணம்னு மூணு விதமா எழுதி வச்சிருக்காங்க, பசங்க எதைத்தான் நம்புவாங்க? மேப்பை விரிச்சு நாகப்பட்டினம், காயல்பட்டினம், காவிரிப்பூம்பட்டினம் எங்க இருக்குன்னு தேடச் சொன்னேன், எல்லாம் கடலோரம். கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தையும் காட்டினேன், அது தென்பெண்ணைக் கரை, அலையே கிடையாது. கடற்கரை ஊர்னா பட்டினம், உள்ள இருக்கற ஊர்னா பட்டணம்னு அவங்களே சொல்லிட்டாங்க. பட்டிணத்தை ஒரு பையன் எந்திரிச்சுப் போய் கரும்பலகைல அழிச்சான்.

சிலபஸ் எப்ப முடிப்பீங்கன்னு ரெண்டு அம்மாக்கள் கேட்டாங்க, நியாயமான கேள்விதான், கொஞ்சம் மெதுவாத்தான் போகுது. ஆனா ஒரே வார்த்தைய ரெண்டு பாடத்துக்கும் தனித்தனியா படிக்கற நேரம் மிச்சமாகுது, அதோட விடை தெரிஞ்சும் எழுதப் பயப்படற பிள்ளைங்கள எனக்குப் பார்க்க முடியல. அந்தப் பொண்ணு இப்ப பேப்பரை ஒளிக்கறதில்ல, வந்ததும் மேஜைல விரிச்சு வைக்கறா.

போன ஞாயித்துக்கிழமை ஒரு பையன் அவங்க மாமா வீட்டுக்கு ஆத்தூர் போயிட்டு, ஜன்னலோரம் உக்காந்து பார்த்த பேரை எல்லாம் பஸ் டிக்கெட் பின்னாடி பொடிப்பொடியா எழுதிட்டு வந்திருக்கான். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர். ஒரு எழுத்து தப்பில்ல. "மிஸ், பாளையம்னா படை தங்கற இடம்னு புக்ல போட்டிருக்கே, அப்ப பெத்தநாயக்கன் யாரு?"ன்னு கேட்டான். நாயக்கர் பாடம் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, நாங்க அன்னிக்கே எடுத்துட்டோம்.