தட்டல் முதலில், வாக்கியம் அப்புறம்

எம்.பி. ஆன பிறகு நான் நேரில் கேட்ட முதல் குடியரசுத் தலைவர் உரை இன்று. இரு அவை உறுப்பினர்களும் ஒன்றாக, மக்களவை மண்டபத்தில். கூட்டுக் கூட்டத்தில் 1,200 பேருக்கு மேல் அமரலாம் என்ற கணக்கில் கட்டிய மண்டபம் அது. இருந்தாலும் சீக்கிரமே போய் உட்கார்ந்துவிட்டேன், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

உரை இந்தியில். எனக்கு ஹெட்போன்தான் கதி. அதில் ஒரு வேடிக்கை: மொழிபெயர்ப்பு சில நொடி பின்தங்கித்தான் வரும். எதிரே மேசைகள் தடதடவென அதிரும். எதற்கென்று என் காதுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த தட்டல் ஆரம்பித்துவிடும். பக்கத்து இருக்கை அண்ணன் என் முழியைப் பார்த்துவிட்டு, "விடுங்க தம்பி, பிரதி கொடுப்பாங்க, படிச்சுக்கலாம்" என்றார்.

ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் இந்த உரை கட்டாயம், அரசமைப்பின் 87ஆவது பிரிவுப்படி. வாசிப்பவர் குடியரசுத் தலைவர். உள்ளே இருப்பதெல்லாம் அரசின் கொள்கை. அதனால் "எனது அரசு" என்று வரும்போதெல்லாம் என் எரிச்சல் மேடையைத் தாண்டி அமைச்சர்கள் வரிசைக்குத்தான் போனது.

சரி, அடுத்து நன்றி தெரிவிக்கும் தீர்மானம். உரையில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கொடுக்கலாம். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் தோற்கும், தெரியும். நாளை காலை கொடுத்துவிடுவேன்.