ஐந்தாம் குருவிலிருந்து முதல் குருவை நோக்கி

2023 நவம்பரில் நானும் என் மனைவியும் பஞ்சாபிலுள்ள சீக்கியத் திருத்தலங்களுக்குச் சென்று வந்தோம். அமிர்தசரஸில் தொடங்கிய அந்த ஆறு நாள் பயணம் தரன் தாரன், கோயிந்த்வால், கடூர் சாகிப், தேரா பாபா நானக் வழியாக எல்லையைக் கடந்து, பாகிஸ்தானின் நாரோவால் மாவட்டத்திலுள்ள கர்தார்பூரில் முடிந்தது. முதல் ஐந்து நாட்களுக்கு ரயில் சீட்டும் ஒரு வாடகைக் காரும் போதுமானவையாக இருந்தன. ஆறாம் நாளின் சில மணி நேரத்துக்காகத்தான் ஏறக்குறைய ஒரு மாதம் உழைத்தோம். அதே பயணத்துக்கு எண்ணுகிறவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் சீக்கியர்கள் அல்லர். பணியின் பொருட்டுத் தில்லியில் வாழ்ந்த பதினோரு ஆண்டுகள், எங்களுக்கு மேல்மாடியில் ஒரு சீக்கிய மூதாட்டி குடியிருந்தார். வீட்டார் அழைப்பதைப் போலவே நாங்களும் அவரைப் பீஜி என்றே அழைத்தோம். 1947இல், ஒன்பது வயதில், நாரோவால் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெற்றோருடன் மாட்டு வண்டியில் புறப்பட்டு வந்தவர் அவர். கர்தார்பூர் அவர்கள் ஊருக்கு நடந்து போகும் தொலைவில் இருந்ததாம். எல்லை வேலியின் இந்தியப் பக்கத்தில், தொலைநோக்கி வழியாக அங்குள்ள குருத்வாராவின், அதாவது சீக்கிய வழிபாட்டிடத்தின், வெண்ணிறக் குவிமாடத்தைக் காண்பதற்கென்றே ஒரு மேடை இருந்தது. அங்கே பலமுறை சென்று நின்றிருக்கிறார். 2019 நவம்பர் 9ஆம் நாள், குரு நானக்கின் 550ஆம் பிறந்தநாளை ஒட்டி, விசா இன்றிச் சென்று வரும் வழித்தடம் திறக்கப்பட்டபோது பீஜியால் படியிறங்க இயலவில்லை. "நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா, புத்தர்" என்று அவர் என்னிடம் சொன்னதே இப்பயணத்தின் தொடக்கம். பஞ்சாபியில் புத்தர் என்றால் மகன்.

முதலில் ஒரு சுற்றுலா முகவரிடம் சென்றோம். கர்தார்பூர் உட்பட எல்லாத் தலங்களையும் நான்கு நாட்களில் காட்டுவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். அதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு செய்து அனுமதி பெறவேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. பயணத் தேதிக்கு ஒரு வாரம் இருந்தபோது, எல்லையை மேடையிலிருந்து காட்டுவதைத்தான் தாம் குறிப்பிட்டதாகக் கூறினார். அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு, தேதியை மாற்றி, எல்லாவற்றையும் நாங்களே செய்ய முடிவெடுத்தோம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

நாங்கள் சென்றபோது பதிவு இந்திய உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் நடைபெற்றது. அதற்குக் கட்டணம் இல்லை. செல்லும் நாளை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டில் உள்ள விவரங்கள், பெற்றோர் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றை நிரப்பி, புகைப்படத்தையும் பாஸ்போர்ட் பக்கங்களின் நகலையும் இணைக்க வேண்டும். தமிழர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. என் மனைவியின் ஆதார் அட்டையில் பெயருக்கு முன் இனிஷியல் மட்டுமே இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிக்கப்பட்டு, அவருடைய தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அச்சாகியிருக்கிறது. பழக்கத்தின் காரணமாக இனிஷியலுடன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். என் விண்ணப்பம் நகர்ந்தது, அவருடையது நின்றுவிட்டது. பத்து நாள் காத்திருந்த பிறகே காரணம் புரிந்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் நிரப்பி மீண்டும் விண்ணப்பித்தோம். பெயர் விஷயத்தில் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து எழுதுங்கள். மற்ற ஆவணங்களை மேசையிலிருந்து எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது காவல்துறைச் சரிபார்ப்பு. எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து வந்தவர், பாகிஸ்தான் என்ற சொல்லைக் கண்டு சற்றே திகைத்து, அங்கே உறவினர் இருக்கிறார்களா, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும் என்பதையும், அந்தக் குருத்வாராவைத் தவிர வேறெங்கும் செல்ல அனுமதி கிடையாது என்பதையும் விளக்கியபோது, தாமும் அது பற்றிச் செய்தியில் பார்த்ததாகச் சொல்லிப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். பயணத்துக்கு நான்கு நாள் முன்னதாக இருவருக்கும் மின்னணுப் பயண அனுமதி வந்துசேர்ந்தது. அதைத் தாளில் அச்சிட்டு, அசல் பாஸ்போர்ட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும். பாகிஸ்தான் தரப்பு ஒவ்வொருவரிடமும் 20 டாலர் சேவைக் கட்டணம் வாங்கியது. அதை முன்கூட்டியே டாலராக மாற்றி வைத்துக்கொண்டோம். இந்தியப் பணமாக 11,000 ரூபாய் வரையிலும், சுமையாக ஏழு கிலோ வரையிலும் கொண்டுபோக அனுமதி இருந்தது.

வழித்தடம் எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது மூடப்பட்டு 2021 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே மோதல் மூண்டபோது இந்தியத் தரப்பில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. ரயில் சீட்டு எடுப்பதற்கு முன் பதிவு நடைபெறுகிறதா என்பதை அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கர்தார்பூருக்குரிய தேதி உறுதியான பின், மற்ற ஊர்களை அதற்கு முன்னால் அடுக்கினோம். அப்போதுதான் ஓர் ஒழுங்கு தற்செயலாகக் கண்ணில் பட்டது. அமிர்தசரஸில் பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாகிப்பைக் கட்டியவர் ஐந்தாம் குரு அர்ஜன். 1577இல் அங்கே குளத்தை வெட்டத் தொடங்கியவர் நான்காம் குரு ராம்தாஸ். கோயிந்த்வால் மூன்றாம் குரு அமர்தாஸின் ஊர். கடூர் சாகிப் இரண்டாம் குரு அங்கதின் ஊர். கர்தார்பூரோ முதல் குரு நானக் தம் வாழ்வின் கடைசிப் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்து, 1539இல் மறைந்த இடம். ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கி ஊற்றை நோக்கி நடப்பதுபோல ஐந்தாமவரிடம் தொடங்கி முதல்வரிடம் போய்ச் சேர எங்களுக்கு வாய்த்தது. வேறு எந்த வரிசையிலும் இவ்வூர்களைப் பார்க்க நான் இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமிர்தசரஸில் இரண்டு இரவுகள் தங்கினோம். குருத்வாராவை ஒட்டிய யாத்ரிகர் விடுதிகளில் ஒன்றில் எங்களுக்கு அறை கிடைத்தது. தலையை மூடிக்கொண்டு, காலணியை ஒப்படைத்து, வாயிலில் ஓடும் நீரில் கால் நனைத்து உள்ளே இறங்க வேண்டும். ஆம், இறங்கத்தான் வேண்டும். அந்த ஆலயம் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்வான மட்டத்தில், நான்கு புறமும் வாயில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. குளத்தின் நடுவே செல்லும் நடைபாதையில் பகலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கே போய்விட்டோம். எதிரிலுள்ள அகால் தக்த் என்னும் கட்டடத்திலிருந்து சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பைப் பல்லக்கில் ஏற்றி, பொன் தகடு வேய்ந்த சன்னிதிக்குக் கொண்டு வருகிறார்கள். இரவில் அதே பல்லக்கில் பள்ளியறைக்குத் திரும்பக் கொண்டு செல்கிறார்கள். நம் கோயில்களில் பள்ளியறைச் சேவையைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு நூலுக்கு அதே பரிவு காட்டப்படுவதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அந்த நூலும் இராகங்களின் வரிசைப்படி அமைந்தது. தேவாரத்தைப் பண்முறையில் தொகுத்துப் பாடும் மரபை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. 1,430 பக்கங்கள் கொண்ட அதில் குருமார்களுடன் கபீர், நாமதேவர், ரவிதாஸ், பாபா ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இடம்பெற்றிருக்கின்றன.

அனைவருக்கும் இலவசமாக உணவளிக்கும் லங்கரில் தரையில் விரித்த நீண்ட பாயில் அமர்ந்து உண்டோம். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். நான் ஒரு கையை நீட்டியபோது, பரிமாறிய இளைஞர் ஒன்றும் சொல்லாமல் புன்னகையுடன் சற்றுக் காத்திருந்தார், புரிந்துகொண்டேன். உண்ட பின் என் மனைவி பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சென்று மற்ற பெண்களுடன் நின்றுவிட்டார். மாலையில் வாகா எல்லையில் நடக்கும் கொடியிறக்க அணிவகுப்புக்குப் போகலாமென்று ஓட்டுநர் வற்புறுத்தினார். சில நாட்களில் அதே எல்லையைக் கைகூப்பிக் கடக்கப் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டாமென்று எனக்குத் தோன்றியதால் மறுத்துவிட்டேன்.

தரன் தாரனில் குளத்தின் பரப்பைக் கண்டு வியந்து, ஒரு மணி நேரத்தில் புறப்பட்டோம். கோயிந்த்வாலில் அரை நாள் தங்கினோம், அது போதவில்லை. அங்கே 84 படிகள் கொண்ட ஒரு படிக்கிணறு இருக்கிறது. நேர்த்தி வைத்திருப்பவர்கள் நீரில் மூழ்கி எழுந்து ஒரு படியில் அமர்ந்து குரு நானக் இயற்றிய ஜப்ஜி என்னும் துதிப்பாடலை முழுவதும் ஓதுகிறார்கள். மறுபடி மூழ்கி அடுத்த படிக்குச் செல்கிறார்கள். ஒருமுறை ஓதவே இருபது நிமிடமாகிறது என்றால் 84 படிகளுக்கும் ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். ஈரத் துணியுடன் நாற்பதாவது படியை ஒட்டி அமர்ந்திருந்த ஒரு வயதான பெண்மணியைக் கடந்து, சுவரோரமாக இறங்கினோம். அந்தப் பத்து நாள் தாமதத்தைப் பற்றி அதுவரை மனத்தில் இருந்த புகைச்சல் அவ்விடத்தில் அடங்கியது.

கோயிந்த்வாலிலிருந்து கடூர் சாகிப் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அமர்தாஸ் குருவாவதற்கு முன், தம் முதிய வயதில், தம்மைவிட இளையவரான குரு அங்கதின் நீராட்டுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் விடியுமுன் பியாஸ் ஆற்று நீரைக் குடத்தில் சுமந்து இந்த வழியாகச் சென்றார் என்பது மரபு. இருட்டில் ஒரு நெசவாளியின் தறிக்குழி முளையில் தடுக்கி விழுந்தபோதும் குடத்து நீரைச் சிந்தவிடவில்லை என்கிறார்கள். அந்த நினைவைப் போற்றும் குருத்வாரா கடூரில் இருக்கிறது. பஞ்சாபி மொழியை எழுதப் பயன்படும் குர்முகி எழுத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பிய குரு அங்கதின் ஊர் அது என்பதால், என் மனைவி அங்கே ஒரு சிறுவர் அரிச்சுவடி வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் விடியற்காலையில் தேரா பாபா நானக்கை அடைந்தோம். அறுவடை முடிந்த வயல்களில் தாள் எரித்த புகை பனியுடன் கலந்து நின்றது. இந்தியப் பயணியர் முனையத்தில் அனுமதித் தாளைச் சரிபார்த்து, போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்தன. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. மின்கல வண்டியில் எல்லைக் கோடு வரை கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கோட்டை நடந்துதான் கடந்தோம். மறுபுறம் இன்னொரு வண்டி, இன்னொரு முனையம், 20 டாலர், கைரேகை, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை. அதன்பின் ஒரு பேருந்து ராவி ஆற்றின் பாலத்தைக் கடந்து எங்களைக் குருத்வாராவின் வாயிலில் இறக்கியது. எல்லையிலிருந்து அது நாலரைக் கிலோமீட்டர்தான்.

பரந்த வெண்சலவைக்கல் முற்றத்தின் நடுவே பழைய கட்டடம் சிறியதாக நிற்கிறது. குரு நானக் மறைந்தபோது, அவரைத் தகனம் செய்ய இந்துக்களும் அடக்கம் செய்ய முஸ்லிம்களும் விரும்பினர் என்றும், போர்வையை விலக்கியபோது மலர்களே இருந்தன என்றும், அம்மலர்களை இரு தரப்பாரும் பகிர்ந்துகொண்டனர் என்றும் சொல்வார்கள். அதனால் அங்கே கட்டடத்துக்குள் ஒரு சமாதி, வெளியே முற்றத்தில் ஒரு கல்லறை. சமாதியில் வணங்கிவிட்டு மாடிக்கு ஏறிக் குரு கிரந்த் சாகிப்பின் முன் அமர்ந்தோம். கீழே இறங்கியபோது, கல்லறையருகே பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்று கையேந்தித் தொழுதுகொண்டிருந்தது. அவர்கள் லாகூரிலிருந்து வந்திருந்தார்கள். நாங்கள் தென்கோடியிலிருந்து வருவதை அறிந்து, அங்கே சீக்கியர்கள் உண்டா என்று வியப்புடன் கேட்டார்கள். குரு நானக் இராமேசுவரத்துக்கு வந்ததாக மரபு உண்டு என்றும், அதன் நினைவாக அங்கே ஒரு குருத்வாரா இருக்கிறது என்றும் சொன்னேன். 1947இல் பிரிந்த அண்ணன் தம்பி இருவர் 74 ஆண்டுகளுக்குப் பின் 2022 ஜனவரியில் இந்த முற்றத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள் என்று அவர்களில் மூத்தவர் எங்களுக்குச் சொன்னார்.

லங்கரில் உண்டு, கிணற்றடியில் சிறிது நேரம் அமர்ந்தோம். நானக் ஏர் பிடித்து உழுத நிலம் என்று குருத்வாராவைச் சுற்றி வயலாகவே ஒரு பகுதியை விட்டு வைத்திருக்கிறார்கள். வேலி ஓரமாக நின்று அதை நெடுநேரம் பார்த்தேன். மூன்றரை மணிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறி, அட்டையை ஒப்படைத்து, வந்த வழியே இந்திய முனையத்துக்குள் நுழைந்தோம்.

வெளியே வந்ததும் தில்லிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பேத்தி காதருகே பிடித்துக்கொண்டிருக்க, பீஜி நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். சமாதியைப் பற்றியோ குவிமாடத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"வயலில் என்ன போட்டிருக்கிறார்கள், புத்தர்?"

"கோதுமை, பீஜி. இப்போதுதான் முளைவிட்டிருக்கிறது."