கறுப்புக் கோட்டு போடாத சீனியர்

"மேடம், போர்டுல விபத்து நஷ்டஈடு ஸ்பெஷலிஸ்ட்னு போட்டா ஆள் தேடி வருமே?" என்று கேட்டாள் ஜூனியர். போடக் கூடாது. இன்ன வழக்கில் நிபுணர் என்று வக்கீல் பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு பார் கவுன்சில் விதி 36 இடம் தருவதில்லை. என் போர்டில் இருப்பது பெயர், பி.ஏ., பி.எல்., அவ்வளவுதான். அந்த பி.எல். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் வாங்கியது. தொழிலாளர் இழப்பீட்டை அங்கே பரீட்சைக்காகப் படித்தேன், பாஸும் ஆனேன். கேஸ் நடத்த அது காணாது.

தொழிலைக் கற்றுத்தந்தவர் ஒரு மில் சங்கத் தோழர். சட்டம் படித்தவரில்லை. ஆனால் 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியும் எழுத்துமூலம் அதிகாரம் பெற்று, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் முன் ஆஜராக முடிந்தது. வேட்டி சட்டையில் வந்து நின்று, எதிரே கோட்டு போட்ட இன்ஷூரன்ஸ் வக்கீலைத் திணறடிப்பார்.

"முதல்ல ஏ.ஆர். காப்பியப் பாரும்மா, மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். ஏ.ஆர். என்பது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. அதில் பெரும்பாலும் ஏறுவது கூட்டிவந்தவர் சொல்லும் கதை. கூட்டிவருவதோ முதலாளியின் ஆள். பல வருடம் கழித்து, கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினில் கட்டைவிரல் போன பையன் என்னிடம் வந்தான். அவனுடைய ஏ.ஆர். காப்பியில் "வீட்டுக் கதவில் நசுங்கியது" என்றிருந்தது. இவன் எங்கள் ஆளே இல்லை என்றது முதலாளி தரப்பு. சம்பளச் சீட்டு கிடையாது, ஈ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. (இருந்திருந்தால் இந்தச் சட்டத்தில் கேட்கவே முடியாது, ஈ.எஸ்.ஐ.யில்தான் கேட்க வேண்டும்.) அவன் செல்போனை வாங்கி உருட்டினேன். சனிக்கிழமைதோறும் முதலாளி மகனிடமிருந்து ஜிபேயில் பணம் வந்திருக்கிறது, விபத்து நடந்த வாரத்தோடு நின்றிருக்கிறது.

முதலாளி-தொழிலாளி உறவை நிரூபித்துவிட்டால் மீதி வெறும் கணக்கு. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்லிவிடும். சாவு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அது 207.98. அந்தச் சட்டத்தில் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு 15,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 15,59,850 ரூபாய். கொத்தனார் அதற்குமேல் சம்பாதிக்கிற காலத்தில் இந்த வரம்பு அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு முன்பெல்லாம் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். 2004 ஜூலையில் மதுரை உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை வந்ததும் அந்த அலைச்சல் ஒழிந்தது. முதலாளி மேல்முறையீடு செய்வதானால் தீர்ப்புத் தொகையை முதலில் ஆணையரிடம் கட்டியாக வேண்டும் என்றது அந்த 1923 சட்டத்தின் 30ஆம் பிரிவு. தோழருக்கு ரொம்பப் பிடித்த பிரிவு அது.

பையன் கேஸ் அதுவரை போகவில்லை. ஜிபே பட்டியலைப் பார்த்தபின், 12 சதவீத வட்டியை எந்தத் தேதியிலிருந்து போடுவது என்பதில் மட்டும்தான் எதிர்த்தரப்பு வக்கீல் மல்லுக்கட்டினார்.