கடல்பாசித் தேரையும் வெள்ளகோவில் காற்றும்

ஏப்ரலில் ஆரம்பித்த வேலை இது, ஆடி வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் ஒடக்கான் (ஓணான்) பகலிலேயே வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. அதே தோட்டத்தில் தேரையைப் பகலில் பார்க்கவே முடியாது. இரண்டுமே உடம்புச் சூட்டை வெளியிலிருந்து வாங்குகிற பிராணிகள்தான். (குளிர் ரத்தப் பிராணி என்ற பேரே எனக்குப் பிடிக்கவில்லை, வெயில் காய்ந்த ஒடக்கானின் ரத்தம் நம் ரத்தத்தின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.) அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

உயிரைப் பிடித்து வதைக்க மனசில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் தவளைக்குப் பதிலாகக் கடல்பாசிக் கட்டியை (அகர் அகர் காய்ச்சி உறைய வைத்தது) வைத்து அளப்பார்கள், ஏனென்றால் பெரும்பாலான தவளை, தேரைகளின் தோல் தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது, ஈரக் கட்டி காய்கிற மாதிரியேதான் அதுவும் காயும். நானும் கடல்பாசி காய்ச்சி 50 கிராமில் இரண்டு உருண்டை பிடித்தேன். ஒன்றை அப்படியே விட்டேன், இன்னொன்றின் மேல் பாலித்தீனை இறுக்கிச் சுற்றினேன், அது ஒடக்கான் கணக்கு. இரண்டிலும் சமையல் தெர்மாமீட்டரைச் செருகிச் சாளை (தோட்டத்து வீடு) நிழலில் வைத்தேன். முதல் தடவை கோழி கொத்திவிட்டது, அதனால் மறுநாள் கூடையைக் கவிழ்க்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், கூடை போட்டால் காற்று மறைந்துவிடும்.

காற்று 37 டிகிரி. 2 மணி நேரம் கழித்துச் சுற்றிய உருண்டை 36 டிகிரி, எடை குறையவில்லை. திறந்த உருண்டை 27 டிகிரிதான், ஆனால் 7 கிராம் போய்விட்டது. குளுமைக்குத் தண்ணீர்தான் விலை! நிஜத் தேரை உடம்பு எடையில் பாதியை இழக்கும் முன்பே செத்துப்போகும், அதனால் இந்த விலையை அது பகல் முழுக்கக் கொடுக்க முடியாது. ஒடக்கானின் செதில் தோல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, கழிவையும் வெள்ளைப் பசையாகத்தான் தள்ளுகிறது. ஆனால் வியர்த்துக் குளிர முடியாததால் சூடு ஏறினால் நிழலுக்கு ஓட வேண்டும், அதுவும் போதாவிட்டால் வாயைப் பிளந்து மூச்சு வாங்க வேண்டும், அதில் தண்ணீர் போகும். மதியம் 12 மணிக்கு மேல் வேலிக்குள் அப்படி ஒன்றைப் பார்த்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஆடியில் நடந்தது. காற்று 32 டிகிரிதான், ஈரப்பதமும் ஏப்ரலை விட அதிகம், ஆனாலும் திறந்த உருண்டை 2 மணி நேரத்தில் 8 கிராம் இழந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி உறிஞ்சுகிறது. வெயில் குறைந்தால் தேரைக்கு நிம்மதி என்று நினைத்திருந்தேன், காற்று அதைப் பொய்யாக்கிவிட்டது.

அடுத்து, உருண்டையைத் தண்ணித்தொட்டி ஓரத்து ஈர மண்ணில் வைத்து உடைந்த சட்டியால் மூடினேன். இழப்பு ஒரு கிராமுக்கும் கீழே. அந்தச் சட்டியை அங்கேயே விட்டுவிட்டேன். நாலாம் நாள் தூக்கிப் பார்த்தால் நிஜத் தேரை ஒன்று வயிற்றை மண்ணோடு அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. அது வாயால் குடிக்காது, அடிவயிற்றுத் தோலாலேயே உறிஞ்சும். இப்போது தினமும் சாயங்காலம் அந்த இடத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன்.