தைராய்டும் ரத்தச்சோகையும் சேர்ந்து வந்தால்

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் விடிந்ததும் நடப்பது இதுதான்: தைராய்டு மாத்திரை, பின்னாலேயே கருப்பட்டிக் காப்பி, கையோடு சத்து மாத்திரை. பிறகு பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தாயிற்று. ஆறு மாதம் கழித்தும் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லை, ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸினும் சத்து மாத்திரையில் உள்ள இரும்பும் வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்ளும். தைராய்டு மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். காப்பிக்கு முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 5.30-க்குத் தைராய்டு மாத்திரை என்றால், 11 மணிக்கு இரும்பு சரியாக இருக்கும். அந்த நேரத்தில் டீ கூடவே கூடாது. வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருநாள் இரும்பு போட்டதும், இரும்பு உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, அடுத்த நாள் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை நல்லதுதான், மாத்திரைக்கு மாற்று அல்ல.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம்/டெசிலிட்டருக்குக் கீழே போனால் ரத்தச்சோகை. ஆனால் எல்லாச் சோகையும் இரும்புக் குறைவு அல்ல. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் 15 நானோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யும் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80-க்குக் கீழே, ஃபெரிட்டின் சரியாக இருக்கிறதென்றால் தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறை) இருக்கலாம். 100-க்கு மேலே என்றால் பி12-ஐத் தேடுங்கள்: தைராய்டைத் தாக்கும் அதே தன்னெதிர்ப்பு (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவது), வயிற்றின் அமிலச் செல்களையும் தாக்குவதுண்டு, அப்போது பி12 உடம்பில் சரியாகச் சேராது. இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று 'நார்மல்' என்று ஏமாற்றும், சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. கூடியிருக்கும். இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் (பெராக்சைடு போன்ற பொருள்கள் மிஞ்சிச் செல்களைக் கெடுப்பது) என்ற பேச்சும் இப்போது ஆய்வகங்களின் டெஸ்ட் பேக்கேஜ்களில் வருகிறது. அடிப்படை உண்மைதான். தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யவே ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும்; அதைப் பயன்படுத்தும் தைராய்டு பெராக்சிடேஸ், மிச்சத்தை உடைக்கும் கேட்டலேஸ் என்ற இரண்டு நொதிகளுக்கும் இரும்பு தேவை. மிச்சத்தை உடைக்கும் இன்னொரு நொதியான குளுட்டதியோன் பெராக்சிடேஸுக்கோ செலினியம். ஆகவே இரண்டு நோயும் இருக்கும் பெண்களிடம் மாலோன்டைஆல்டிஹைடு (கொழுப்பு கெட்டு வரும் கழிவு) கூடி, குளுட்டதியோன் (செல்லைக் காக்கும் பொருள்) குறைந்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த டெஸ்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். மாலோன்டைஆல்டிஹைடை அளக்கும் வழக்கமான முறையில், ரத்த மாதிரியைத் தயோபார்பிட்டூரிக் அமிலத்தோடு சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பை 532 நானோமீட்டரில் படிப்பார்கள். சர்க்கரை போன்ற வேறு பொருளும் அந்த நிறம் தரும். சித்திரை வெயிலில், ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் பெட்டியில் இரண்டு மணி நேரம் கிடந்து சிவப்பணு உடைந்த ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். எண் என்னவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

அசதிக்கென்று டெஸ்ட் பார்க்காமல் இரும்பு விழுங்குவது தலைகீழ் வேலை. மிஞ்சிய இரும்பு பெராக்சைடோடு சேர்ந்து அந்த அழுத்தத்தையே வளர்க்கும்.

மாத்திரை நேரங்களைப் பிரித்த 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். முன்பு வீணாய்ப் போன மருந்து இப்போது நன்றாகச் சேரும். பழைய டோஸ் கூடுதலாகிப் படபடப்பு வந்தால் அதுவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.