எக்ஸ்ரே ஃபிலிமில் கீறல் விழாத ஒரு நெகட்டிவ்

மதுரையில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடமிருந்து, ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீஸ்வரி மரக் கேமரா ஒன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. அது 6½ × 8½ அங்குல ‘ஃபுல் பிளேட்’ கேமரா. துருத்தியின் ஓட்டைகளை அடைத்து, லென்ஸைத் துடைத்து முடித்த பிறகு, அதற்குள் எதை வைத்துப் படம் எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்த அளவில் ஃபிலிம் எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காட்சியை மறந்து செலவைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். எனவே எக்ஸ்ரே பொருள்கள் விற்கும் கடையொன்றில் 8 × 10 அங்குலத் தாள்கள் நூறு கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன்.

எக்ஸ்ரே கதிருக்காகச் செய்த ஃபிலிம் சாதாரண வெளிச்சத்தில் எப்படிப் படம் தரும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே கேசட்டுக்குள் ஃபிலிமின் இரு பக்கமும் ஒளிரும் திரைகள் இருக்கின்றன. கதிர் பட்டதும் திரைகள் ஒளிர்கின்றன. ஃபிலிம் பெரும்பாலும் அந்த ஒளியைத்தான் பதிவு செய்கிறது. பழைய கால்சியம் டங்ஸ்டேட் திரைகள் நீலமாக ஒளிர்பவை, பின்னர் வந்த கடோலினியம் திரைகள் பச்சையாக ஒளிர்பவை. நான் வாங்கியது பச்சைத் திரைக்கான ஃபிலிம். நீலமும் பச்சையும் அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. திரைகள் இரண்டு என்பதால் ஒளியுணர் பூச்சும் ஃபிலிமின் இரு பக்கமும் இருக்கிறது. நான் பட்ட சிரமங்களில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பூச்சால் வந்தது.

சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே வெட்டலாம், கழுவலாம். ஆனால் கடையில் கிடைக்கும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை நம்பி முதல் நாள் வெட்டிய ஆறு தாள்களும் புகை படிந்தது போல் கறுத்துவிட்டன, ஏனெனில் சாயம் பூசிய அந்தக் கண்ணாடி மற்ற நிறங்களையும் கசியவிட்டது. பிறகு ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை மாட்டி, ஒரு தாளின் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பார்த்தேன். நாணயத்தின் வட்டம் தாளில் தெரியவில்லை. எந்த விளக்கானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பிளேட் ஹோல்டர் கண்ணாடித் தகட்டுக்காகச் செய்யப்பட்டது. ஃபிலிமோ கால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டையைக் கனம் பார்த்து ஒட்டி வைத்தேன். ஃபிலிம் உரிய தளத்தில் நின்றது மட்டுமல்ல, பின்பக்கத்திலிருந்து ஒளி திரும்பி வந்து வெளிச்சமான இடங்களைச் சுற்றி வளையம் கட்டுவதும் அந்தக் கறுப்பினால் ஓரளவு குறைந்தது. சாதாரண ஃபிலிமில் இதைத் தடுக்கத் தனிப் பூச்சு உண்டு, இதில் இல்லை.

முதல் படத்துக்குக் கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலையடிவாரத்தில், தாமரைக் குளத்தை ஒட்டிய அய்யனார் கோயிலின் முன், ஆலமர நிழலில் கேமராவை நிறுத்தினேன். ஃபிலிமின் வேகத்தை, அதாவது ஒளியுணர்திறனை, 50 என்று வைத்துக்கொண்டு, எஃப் 45 என்ற மிகச் சிறிய துளையில், ஷட்டர் இல்லாத அந்த லென்ஸின் மூடியைக் கையால் எடுத்து இரண்டு விநாடி எண்ணி மூடினேன்.

அன்றிரவு, ஃபிலிமோடு அதே கடையில் வாங்கிய எக்ஸ்ரே டெவலப்பரில் (பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் திரவம்) தாளை இட்டதும் ஒரு நிமிடத்துக்குள் வானம் முழுவதும் கறுத்தது. நிழலில் ஒன்றும் இல்லை. எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவதற்கென்றே அந்த ஃபிலிமும் டெவலப்பரும் அமைந்தவை. வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்கெனவே உள்ள வேறுபாட்டை அவை இன்னும் பெருக்கிவிட்டன. அதனால் டி-23 என்ற பழைய டெவலப்பரை நானே கலக்கத் தொடங்கினேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், வேறெதுவும் வேண்டாம். சல்பைட்டில் ஒரு சிட்டிகையை முதலில் போட்டு, மெட்டால் கரைந்தபின் மீதியைச் சேர்க்க வேண்டும். சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் எளிதில் கரையாது. இதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, 24 டிகிரியில் எட்டு நிமிடம் கழுவியபோது நிழலும் மேகமும் ஒரே நெகட்டிவில் சேர்ந்து வந்தன. சித்திரை மாதத்தில் எங்கள் குழாய்த் தண்ணீர் 32 டிகிரிக்குக் குறையாது என்பதால், உறைய வைத்த தண்ணீர்ப் புட்டிகளைச் சுற்றி அடுக்கிச் சூட்டை இறக்குவேன்.

அந்த நெகட்டிவை விளக்கின் முன் பிடித்தபோதுதான் கீறல்களைக் கண்டேன். அய்யனார் முகத்தின் குறுக்கே மூன்று, வானத்தில் எண்ண முடியாத அளவு. நனைந்த பூச்சு மிக மென்மையானது. சாதாரண ஃபிலிமில் பூச்சுள்ள பக்கத்தை மேலே வைத்துத் தப்பிக்கலாம், இதிலோ கீழ்ப்பக்கமும் படம். ட்ரேயின் அடியில் இருந்த வரிகள்தாம் காரணமென்று எண்ணிக் கண்ணாடித் தகட்டை அடியில் இட்டேன், நகத்தை ஒட்ட வெட்டினேன், ஒரு நேரத்தில் ஒரே தாள் என்று வைத்துக்கொண்டேன். கீறல்கள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. பின்பக்கப் பூச்சையே நீக்கிவிடலாம் என்று, கழுவி உலர்ந்த நெகட்டிவைக் கண்ணாடியில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தால் மேல்பக்கத்தைத் துடைத்தும் பார்த்தேன். பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் டேப்புக்கு அடியில் ஒரு சொட்டு புகுந்தாலும் காக்க வேண்டிய படமும் கரைந்துவிடும். நல்ல நெகட்டிவ்கள் இரண்டை அப்படி இழந்தேன். நான் எடுப்பது நெகட்டிவைப் பிரிண்ட் தாளின் மேலேயே வைத்து எடுக்கும், அதே அளவு கான்டாக்ட் பிரிண்ட் என்பதால், இரு பூச்சுகளால் கூர்மை குறைவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே அந்த வழியை விட்டுவிட்டேன்.

விடை எக்ஸ்ரே அறையிலேயே இருந்தது. கழுவும் இயந்திரங்கள் வருவதற்கு முன் அங்கே தாளைப் பெரும்பாலும் ட்ரேயில் கிடத்தாமல், நான்கு மூலைகளிலும் கிளிப் உள்ள எஃகு ஹேங்கரில் மாட்டித் தொட்டியில் நிற்க வைத்தே கழுவினார்கள். ஒரு ஸ்கேன் மையத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த 8 × 10 ஹேங்கர் இரண்டைக் கேட்டு வாங்கி, வெல்டிங் பட்டறையில் என் அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். மீன் தொட்டி செய்பவர், இரண்டு அங்குல அகலமே உள்ள மூன்று கண்ணாடித் தொட்டிகளை ஒட்டித் தந்தார். ஒவ்வொன்றும் மூன்றரை லிட்டர் கொள்ளும். ஒன்றில் டெவலப்பர், அடுத்ததில் அதன் வேலையை நிறுத்தக் காடி கலந்த தண்ணீர், மூன்றாவதில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ. நிமிடத்துக்கு ஒருமுறை ஹேங்கரை மெதுவாகத் தூக்கி இறக்குவதோடு சரி. தாளை எதுவும் தொடுவதில்லை. மூலைகளில் கிளிப்பின் தடம் மட்டும் விழும்.

இந்த முறையில் கழுவிய முதல் தாள், வாசலில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மாவின் படம். சிவப்பைக் காணாத ஃபிலிமில் நம் தோல் நிறம் மேலும் கருமையாக விழும் என்பதை முன்பே கண்டிருந்ததால், ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளியாக, நான்கு விநாடி கொடுத்தேன். அவரும் அசையாமல் இருந்தார். நெற்றிக் குங்குமம் முழுக் கறுப்பாகவும், அதன் மேலே திருநீறு வெள்ளையாகவும், கன்னத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் பதிந்திருந்தன. உலர்ந்தபின் இரு பக்கத்தையும் லென்ஸ் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியில் இன்னும் முப்பத்தொரு தாள்கள் இருக்கின்றன.